ஒரு பிடி காடு

செவிக்கோலின் நுனி மண்ணுக்குள் ஒரு முழம் இறங்கியதும் திரையில் பச்சைப் புள்ளி விழுந்தது. ஜெசிந்தா அதை நம்பவில்லை. கோலைப் பிடுங்கித் துடைத்து, கொஞ்சம் தள்ளி மறுபடி இறக்கினாள். அங்கேயும் பச்சை.

அவள் நின்றது ஓர் எலுமிச்சைத் தோட்டத்தில். மலை மேற்கே நீலக் கோடாகத் தெரிந்தது. அதற்கும் இந்த மஞ்சப்பொத்தை ஊருக்கும் நடுவில் தரிசு, உடைமரங்கள், காற்றாலைகள், நான்குவழிச் சாலை. காடு நடந்து வந்திருந்தால்கூட லாரியில் அடிபட்டிருக்கும்.

“தப்பா காட்டுதுன்னா ரெண்டு தட்டு தட்டுங்க மேடம். எங்க மோட்டாரு அப்படித்தான் ஓடும்,” என்றாள் பிரமு. தோட்டம் அவளுடையது. நாற்பத்தைந்து வயதிருக்கும். முழங்கை வரை முள் கீறிய தழும்புகள்.

“தப்பு இல்லக்கா. இது காடுன்னு சொல்லுது.”

“எது?”

“உங்க தோட்டம்.”

பிரமு சுற்றிலும் பார்த்தாள். வரப்பில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்த வெள்ளாட்டின் மேல் அவள் கண் நின்றது. “அப்போ இது யானையா?”

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாத வேலை என்பதால் திரையைப் பார்த்துக்கொண்டாள்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரே மழையில் மலையின் ஒரு பக்கம் சரிந்து தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளை மூடியது. ஜெசிந்தாவின் சித்தி அங்கேதான் இருந்தாள். உடல் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் வேர்வலைச் சட்டம் வந்தது, கானக ஆணையம் வந்தது. பாளையங்கோட்டையில் தாவரவியல் முடித்துவிட்டு வீட்டில் இருந்த ஜெசிந்தா முதல் ஆட்களில் ஒருத்தியாக விண்ணப்பித்தாள். அந்தச் சட்டத்தை அவள் நம்பினாள்.

“மரம் தனித்தனியா நிக்குதுன்னு நெனைக்கிறோம்,” என்று அவள் பிரமுவுக்கு விளக்கினாள். “அடியில வேருக்கும் வேருக்கும் நடுவுல பூஞ்சை நூல் ஓடுது. தண்ணி, உப்பு எல்லாம் அது வழியாத்தான் கைமாறும். மண்ணைப் பிடிச்சு வெக்கிறதும் அதுதான். மரத்த வெட்டினாலும் திரும்ப முளைக்கும். வலை செத்தா மலை இறங்கிரும். அதனால இப்போ சட்டத்துல காடுன்னா மரம் இல்ல, வலை. ஒவ்வொரு காட்டு வலைக்கும் ஒரு துடிப்பு உண்டு. இந்தக் கோல் அதைக் கேக்கும்.”

“கேட்டு?”

“வலை இருக்கிற சர்வே நம்பர் முழுசையும் அரசு எடுத்துக்கும். நிலத்துக்கு விலை குடுத்துருவாங்க. ஆறு மாசத்துல காலி பண்ணணும். காட்டுக்குள்ள யாரும் குடியிருக்கக் கூடாது.”

“நீங்க எழுதாம விட்டா?”

“புள்ளி விழுந்ததுமே தலைநகரத்துக்குப் போயிருதுக்கா. முன்னாடி அழிச்சுக் குடுக்குறதுக்குன்னே ஆள் இருந்தாங்க. அதனால இப்படி வெச்சுட்டாங்க.”

பிரமு கூடையைக் கீழே வைத்தாள். “எங்க மாமனாரு காலத்துல அத்திக்கசத்துல இருந்தோம். மலையடிவாரம். காடு விரியணும், நீங்க எறங்குங்கன்னாவ. எறங்கினோம். இந்தக் கட்டாந்தரையக் காட்டினாவ. கல்லு பொறுக்கிக் கல்லு பொறுக்கித்தான் இது தோட்டமாச்சு. இப்போ காடே வந்துட்டு, நீங்க போங்கங்கீய.” குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். “இனி நான் எங்கயும் போறதா இல்ல மேடம். அதையும் அந்தக் கோலுல எழுதிக்கிடுங்க.”

*

ஊரில் ஏழு தோட்டங்களில் பச்சை விழுந்தது. எல்லாரும் அத்திக்கசத்திலிருந்து வந்தவர்கள், ஒரே வகையறா. தென்காசியில் ஒரு வக்கீலைப் பார்த்தார்கள். அவர் வரைபடத்தைப் பார்த்து ஒரு யோசனை சொன்னார். பச்சை தோட்டம் முழுவதும் இல்லை, ஒரு மூலையில்தான் இருக்கிறது. ஒரே சர்வே எண்ணாக இருப்பதால்தானே எல்லாம் போகிறது? உட்பிரிவு செய்துவிடுங்கள். அண்ணன் தம்பி, பிள்ளைகள் பேரில் பங்கு பிரித்தால் பச்சை இருக்கிற துண்டு மட்டும் போகும், மிச்சம் தப்பும்.

நல்ல யோசனைதான். கிணற்றுத் தகராறில் பிரமுவோடு பல வருடங்களாகப் பேசாதிருந்த கொழுந்தன் சிவனணைந்தான்கூட வந்து கையெழுத்துப் போட்டான்.

“மயினி, இது சமாதானம் இல்ல. சட்டத்துக்காக,” என்றான்.

“எனக்கு மட்டும் ஒன்னோட பேச ஆசையா? கையெழுத்தப் போட்டுட்டுப் போ. காப்பி குடிச்சுட்டுப் போ.”

மழைக்கு முன்னால் எல்லாத் தோட்டங்களும் துண்டு துண்டாகிவிட்டன. மழை முடிந்து தை மாதத்தில் ஜெசிந்தா மறு அளவைக்கு வந்தாள். வக்கீல் சொன்னபடி நடந்திருக்கும் என்று அவளுக்குள் ஒரு சின்ன எதிர்பார்ப்பு இருந்தது. அது ஆணைய ஊழியருக்கு இருக்கக் கூடாத எதிர்பார்ப்பு.

முதல் துண்டில் பச்சை. இரண்டாவதில் பச்சை. சிவனணைந்தானின் புதுப் பங்கில், முன்பு ஒன்றுமே கேட்காத இடத்தில், பச்சை. ஒரு துண்டுகூடத் தப்பவில்லை.

ஜெசிந்தா வேப்பமர நிழலில் உட்கார்ந்து வரைபடத்தைப் பெரிதாக்கினாள். காட்டு வலை பரவினால் ஓரத்திலிருந்து அலைபோல வரும். இங்கே அப்படி இல்லை. தனித்தனி வட்டங்கள். பழைய வட்டங்கள் பெரியவை, புதியவை உள்ளங்கை அளவு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு மையம்.

எழுந்து ஒரு மையத்துக்குப் போனாள். அங்கே செங்கல்லில் கட்டி வெள்ளையடித்த சின்னப் பீடம் இருந்தது. அடுத்த மையத்திலும் பீடம். அதில் சுண்ணாம்பு இன்னும் புதிதாக இருந்தது.

“இது என்னக்கா?”

“சாஸ்தா. ஒங்களுக்குத் தெரியாது, நீங்க வேதக்காரவுக.” பிரமு பீடத்தின் மேல் விழுந்திருந்த இலையைத் தட்டிவிட்டாள். “கோயில் அத்திக்கசத்துல, காட்டுக்குள்ள இருக்கு. எறங்கும்போது எங்க மாமனாரு அங்கன இருந்து ஒரு பிடி மண்ணு எடுத்துட்டு வந்தாரு. பிடிமண்ணு. அத வெச்சுத்தான் மேல பீடம் கட்டுவோம். அண்ணன் தம்பி பிரிஞ்சா, பழைய பீடத்துல இருந்து ஒரு பிடி எடுத்துப் புதுப் பங்குல வெக்கணும். நெலத்தப் பிரிச்சுட்டு சாமிய மட்டும் ஒருத்தங்கிட்ட விட்டுட்டுப் போக முடியுமா?”

ஜெசிந்தா வரைபடத்தையும் பீடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

“இப்போ பங்கு பிரிச்சப்பவும் வெச்சீங்களா?”

“வெக்காம? எல்லாப் பங்குக்கும் வெச்சாச்சு. மழைக்கு முன்னாடியே.”

“அக்கா, அந்த மண்ணுலதான் வலை இருக்கு. நீங்கதான் காட்டை இங்க கொண்டு வந்திருக்கீங்க. தப்பிக்கணும்னு பிரிச்ச ஒவ்வொரு துண்டுக்கும் நீங்களே தூக்கிட்டுப் போய் வெச்சிருக்கீங்க.”

பிரமு பீடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கிய பிறகும் கண் ஈரமாகத்தான் இருந்தது.

“சண்ட போட்டுப் போட்டே காடு வளத்திருக்கோம் பாருங்க. எங்க சின்ன மாமனாரு வீட்டுல அஞ்சு பேரு, அஞ்சு பேரும் வெட்டுப்பழி குத்துப்பழி. அங்கதான் காடு அடர்த்தியா இருக்கும், பாத்தீயளா?”

வரைபடத்தில் அது உண்மையாகவே இருந்தது.

*

ஆணையத்தின் ஆய்வகங்கள் தொடங்கிய நாளிலிருந்தே சமவெளியில் வேர்வலையை நட்டுப் பார்த்துக்கொண்டிருந்தன. குடுவையில் வளர்த்த பூஞ்சை முதல் கோடையிலேயே செத்துவிடும். ஒரு பிடி மண்ணில் பூஞ்சை மட்டும் இல்லை, அதோடு வாழும் ஆயிரம் உயிர்களும் சேர்ந்து வந்திருக்கின்றன, அதனால்தான் பிழைத்திருக்கிறது என்பது ஜெசிந்தாவின் ஊகம். அவளை அதைவிடத் தொந்தரவு செய்த விஷயம் வேறு. மலையில் ஆள் நடமாட்டமே இல்லாத பகுதிகளைவிட, மனிதர்கள் தண்ணீர் ஊற்றி, குப்பை போட்டு, ஆடு கட்டி வாழும் மஞ்சப்பொத்தையில் துடிப்பு வலுவாக இருந்தது.

இதை அவள் அறிக்கையாக எழுதி அனுப்பினாள். ‘கேட்கப்படவில்லை’ என்ற ஒற்றை வார்த்தையோடு திரும்பி வந்தது.

ஆணையத்தின் மாவட்ட அதிகாரி கோபிநாத் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துத்தான் பேசினார். கெட்டவர் இல்லை. சரிவில் புதைந்தவர்களைத் தோண்டி எடுத்த குழுவில் இருந்தவர். இந்த மாவட்டத்துக்கான விதிகளை எழுதியதும் அவர்தான்.

“ஜெசிந்தா, ரெண்டே வழிதான் இருக்கு. வலை தானா வந்ததுன்னா அது காடு, அவங்க காலி பண்ணணும். கையால கொண்டு வந்ததுன்னா அது காட்டுப் பொருள் திருட்டு. நிலம் அவங்களுக்கே இருக்கும். ஆனா நீராவி பாய்ச்சி மண்ணுல உள்ளதைக் கொல்லணும்.”

“ஆவி பாய்ச்சினா எலுமிச்சையும் போயிரும் சார். மண்ணு பழையபடி கட்டாந்தரையாயிரும்.”

“தெரியும். விசாரணையில அவங்களே எதுன்னு சொல்லட்டும். இடம் கொடுத்தா ஆள் வருவான், ஆள் வந்தா கடை வரும், ரிசார்ட் வரும். பார்த்தோம்ல.”

அவர் சொன்னதும் பொய்யில்லை. ஜெசிந்தா தலையாட்டிவிட்டு வந்தாள்.

*

விசாரணை ஏறக்குறைய ஒரு வருடம் இழுத்தது. மஞ்சப்பொத்தைக்காரர்களைத் தாலுகா அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். அங்கே போனால் கோப்பு ஆட்சியர் அலுவலகத்தில் இருந்தது. ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் அளவைப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். ஆணையத்தின் மாவட்ட அலுவலகத்தில் அதிகாரி பயணத்தில் இருந்தார். நடுவில் கடன் பாக்கி இல்லை என்ற சான்றுக்குக் கூட்டுறவு சொசைட்டிக்கும் அனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் பிரமுவும் மற்றவர்களும் பஸ் ஏறி வந்தார்கள். எந்த அலுவலகமானாலும் வளாகத்தில் ஒரு பழைய மரம் இருக்கும். அதன் அடியில் உட்கார்ந்து, புளிச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டு, கை கழுவி, சாயந்திரம் திரும்பிப் போனார்கள்.

ஒருநாள் ஜெசிந்தா அளவைப் பிரிவின் மாடியிலிருந்து பார்த்தாள். கீழே தூங்குமூஞ்சி மரத்தடியில் பிரமு குனிந்து வேருக்குப் பக்கத்தில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சிவனணைந்தான் தண்ணீர் பாட்டிலோடு நின்றான். ஜெசிந்தா இறங்கி வந்தபோது பிரமு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா செய்றீங்க?”

“கேக்காதீய. தெரிஞ்சா எழுதணும்லா? பெறவு ஒங்களுக்குத்தான் சங்கடம்.”

“இது என் வேலைக்கா.”

“அதான் சொல்லுதேன். கேட்டாத்தான் வேலை. பாத்தா வேடிக்கை.” பிரமு அவளை நேராகப் பார்த்தாள். “மேடம், நீங்க எங்க தோட்டத்துல கோலு எறக்கினீய. அது ஒங்க வேலை, நான் கோவப்படல. ஒங்க சித்திக்கு நடந்தது எனக்குத் தெரியும், நீங்கதான் சொன்னீய. காடு வேணும்னுதான் நானும் சொல்லுதேன். நாங்க வேண்டாம்னு மட்டும் சொல்லாதீய.”

அன்று பஸ் போகும் வரை ஜெசிந்தா அவர்களோடு நின்றுகொண்டிருந்தாள். வேறு எதுவும் கேட்கவில்லை. வலை ஒரு மரத்தின் வேரைப் பிடித்துக்கொள்ள ஒரு மழைக்காலம் போதும் என்பதை யாருக்கும் சொல்லவுமில்லை.

*

இறுதி விசாரணை கார்த்திகையில், ஆணையத்தின் மாவட்ட அலுவலகத்தில் நடந்தது. ஊர்க்காரர்கள் அதிகம் பேர் வந்ததால் கோபிநாத் வளாகத்து வாகை மரத்தடியில் மேசை போடச் சொன்னார். அவருடைய கார் அந்த மரத்தடியில்தான் வழக்கமாக நிற்கும். அன்றும் நின்றது.

அவர் இரண்டு வழிகளையும் பொறுமையாகச் சொன்னார். “நீங்களே சொல்லுங்க. தானா வந்ததா, கொண்டு வந்ததா?”

“கொண்டு வந்ததுதான்,” என்றாள் பிரமு.

பின்னால் நின்றவர்களிடம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. சிவனணைந்தான் மட்டும், “மயினி பேசட்டும்,” என்றான்.

“அப்போ ஆவி பாய்ச்சத்தான் வேணும்மா. வேற வழி இல்ல.”

“பாய்ச்சுங்க. கொண்டு போன எல்லா எடத்துலயும் பாய்ச்சணும்லா? அத எழுதிக்கிடுங்க மொதல்ல.” பிரமு ஜெசிந்தாவின் பக்கம் திரும்பினாள். “மேடம், அந்தக் கோல இங்கன ஒரு தடவ எறக்குங்களேன்.”

கோபிநாத் ஜெசிந்தாவைப் பார்த்தார். அவர் முகத்தில் சலிப்புத்தான் இருந்தது, சந்தேகம் இல்லை. “செஞ்சு காட்டிருங்க. அவங்களுக்குத் திருப்தியா இருக்கும்.”

மின்கலத்தில் சக்தி இல்லை என்று சொல்லிவிடலாம். அவள் சொன்னால் நம்புவார்கள். ஜெசிந்தா கோலைக் கையில் எடுத்தாள். ஆணையத்தில் இதுவரை அவள் எழுதியது எதையும் யாரும் படித்ததில்லை. இந்தப் புள்ளியைப் படிக்காமல் இருக்க முடியாது. வாகை மரத்தின் வேருக்குப் பக்கத்தில் கோலை வைத்து, முழு எடையையும் கொடுத்து அழுத்தினாள்.

பச்சை விழுந்தது.

காற்றில் வாகை நெற்றுகள் மட்டும் சலசலத்தன.

“என்ன இது?” என்றார் கோபிநாத்.

“அத்திக்கசத்துத் துடிப்பு சார்,” என்றாள் ஜெசிந்தா. “தலைநகரத்துக்குப் போயாச்சு.”

“இங்க எப்படி?”

பிரமு பதில் சொன்னாள். “எங்க முறை சார். நெலத்துல பங்கு கேட்டு வாரவன் பங்காளி. பங்காளிக்குப் பிடிமண்ணு குடுக்காம விடக் கூடாது. நீங்க எங்க நெலத்தக் கேட்டீய. அதான் கொண்டாந்து வெச்சோம். நீங்க எங்கெல்லாம் வரச் சொன்னீயளோ அங்கெல்லாம் வெச்சிருக்கோம். தாலுகா ஆபீசு, சர்வே ஆபீசு, கலெக்டராபீசு. கலெக்டராபீசுல ரெண்டு எடம். அங்கதான் ரொம்ப நேரம் ஒக்கார வெச்சாவ.”

“சொசைட்டி ஆபீச விட்டுட்டீய மயினி,” என்றான் சிவனணைந்தான்.

“அதுவும்.”

கோபிநாத் எழுந்து நின்றார். கோபத்தில் முகம் சிவந்தது. “இதுக்கு ஜெயில் உண்டு, தெரியுமா?”

“தெரியும் சார். எல்லாருமாத்தான் வெச்சோம், எல்லாரையும் கூட்டிட்டுப் போங்க. ஆனா மொதல்ல இதுக்கு என்ன செய்யப் போறீயன்னு சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போங்க.”

அவர் ஜெசிந்தாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். “இங்க ஆவி பாய்ச்சினா?”

“அஸ்திவாரத்துக்கு அடியிலயும் பாய்ச்சணும் சார். வேர் அங்க வரை போயிருக்கும். கட்டடம் நிக்காது. மத்த ஆபீசுகளும் அப்படித்தான்.”

“இது தானா வந்ததுன்னு பதிஞ்சா?”

“அப்போ காடு. ஆறு மாசத்துல நாம காலி பண்ணணும். இன்னையில இருந்தே வண்டி வரக் கூடாது, இருட்டினா விளக்கு போடக் கூடாது. விதி ஏழு.”

விதி ஏழு அவர் எழுதியது. அதை அவள் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

கோபிநாத் மறுபடி உட்கார்ந்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். கட்டடத்தைப் பார்த்தார். ஜன்னல்களில் எழுத்தர்கள் கூடி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மேசை மேலிருந்த சட்டப் புத்தகத்தைத் திறந்து, நெடுநேரம் புரட்டி, ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

“தற்காலிக உத்தரவுக்குன்னு ஒரு பிரிவு இருக்கு,” என்றார். “வலை உள்ள நிலத்துல ஆட்கள் தொடர்ந்து இருக்கலாம்னு மாவட்ட அதிகாரி உத்தரவு போடலாம். என்னென்ன நிபந்தனைன்னு அவர் வரையணும். இதுவரை யாரும் பயன்படுத்தல.” கொஞ்சம் நிறுத்தினார். “இந்த ஆபீசுக்குன்னு போட்டா பச்சை விழுந்த எல்லா சர்வே நம்பருக்கும் பொருந்தும், இல்ல?”

“ஆமா சார்,” என்றாள் ஜெசிந்தா.

“மஞ்சப்பொத்தைக்கும்.”

“ஆமா சார்.”

பின்னால் யாரோ இருமினார்கள். பிரமு அசையாமல் நின்றாள். ஜெசிந்தா அவள் கைகளைப் பார்த்தாள். ஒரு கை மற்றொன்றை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது.

கோபிநாத் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். பேனாவைத் திறந்தார். தாளின் மேலே ‘நிபந்தனைகள்’ என்று எழுதி அடிக்கோடிட்டார். அதற்குக் கீழே எழுத அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. காடு என்ற இடத்திலிருந்து ஆட்களை வெளியேற்றும் விதிகள்தான் அவருக்குத் தெரியும். பேனா அந்தரத்தில் நின்றது. மேசைக்கு எதிரில் நின்றவளை அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“அம்மா,” என்றார். “இந்த மண்ணு மேல நீங்க இத்தனை வருஷமா எப்படித்தான் இருந்தீங்க?”

பிரமு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“சொல்லுதேன்,” என்றாள். “மொதல்ல அந்த வண்டிய வேரு மேல இருந்து எடுக்கச் சொல்லுங்க.”

கோபிநாத் ஓட்டுநரைத் தேடினார். அவன் டீ குடிக்கப் போயிருந்தான். அவரே எழுந்து, சட்டைப் பையில் சாவியைத் தடவிக்கொண்டே மரத்தடிக்கு நடந்தார்.